அவ்வளவு தூரம் போய் யாருக்காக நடப்பது?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இது. மகள் கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், தேசிய மாணவர் படையான என்.சி.சி.யில் இருக்கிறாள். போரில் இறந்தவர்களின் நினைவாக ஐரோப்பாவில் இளம் கேடட்கள் அணிவகுத்து நடக்கும் காணொளி ஒன்றைப் பார்த்ததிலிருந்து தானும் போக வேண்டும் என்கிறாள். 'நான் அனுப்பி வைக்கிறேன்' என்று ஒருவர் இரண்டே கால் லட்சம் ரூபாய் கேட்கிறார். போக வழி உண்டா, ஒரு பெண்பிள்ளையால் நாளுக்கு 40 கிலோமீட்டர் நடக்க முடியுமா என்று கேட்டுவிட்டு, கடைசி வரியில், 'வெள்ளைக்காரன் சண்டைக்கு நம் பிள்ளை எதற்கு நடக்க வேண்டும் என்று அவளுடைய தாத்தா கேட்கிறார்' என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் இரண்டும் உங்கள் கேள்விகள். மூன்றாவதும் உங்களுடையதுதான், தாத்தாவின் தலையில் போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தவறில்லை. மூன்றில் கனமான கேள்வி அதுதான். அதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. இந்த மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பித்துக்கொண்டே பத்தொன்பது ஆண்டுகள் ஏ.என்.ஓ. பொறுப்பையும் பார்த்தவன். அதாவது கல்லூரியின் என்.சி.சி. அணிக்குப் பொறுப்பான ஆசிரியன். அதற்கான பயிற்சியை நாகபுரி அருகே காம்ப்டியில் முடித்தேன். பிள்ளைகளை நடத்திக் கூட்டிப்போயிருக்கிறேன், கொப்புளத்துக்குக் கட்டுப்போட்டிருக்கிறேன், குடியரசு தின முகாமுக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் சொல்லும் ஐரோப்பிய நடையில் நான் நடந்ததில்லை. ஆகவே பயிற்சி, தேர்வு, கால் சம்பந்தப்பட்டதெல்லாம் கண்ணால் கண்டது. அந்த ஊர்களைப் பற்றிச் சொல்வது படித்தும் போய்வந்தவர்களிடம் கேட்டும் அறிந்தது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மகள் பார்த்தது எந்த நடை என்று நீங்கள் சொல்லவில்லை. 40 கிலோமீட்டர், நான்கு நாள், சீருடை என்கிற விவரங்களை வைத்துப் பார்த்தால் நெதர்லாந்தின் நைமேகன் நகரில் ஜூலை மாதம் நடக்கும் நான்கு நாள் நடையாகத்தான் இருக்க வேண்டும். அது 1909இல் தொடங்கியது. முதலில் படைவீரர்களின் உடல்திறனுக்கான நடையாக இருந்து, இன்று நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நடக்கும் திருவிழாவாகியிருக்கிறது. பொதுமக்கள் 30, 40, 50 கிலோமீட்டர் என்று வயதையும் விருப்பத்தையும் பொறுத்து நடக்கிறார்கள். பல நாட்டு இராணுவக் குழுக்கள் சீருடையில் நாளுக்கு 40 கிலோமீட்டர் நடக்கின்றன, அவர்களில் பலர் முதுகில் குறைந்தது 10 கிலோ சுமையோடு. இதைப் போர் நினைவு நடை என்று மட்டும் சொல்வது முழு உண்மையாகாது. பாட்டும் கூத்தும் பூச்செண்டும் உள்ள விழா அது. கடைசி நாளில் நடந்து வருகிறவர்களுக்குச் சாலையின் இருபுறமும் நிற்கும் மக்கள் கிளாடியோலஸ் பூக்களைக் கொடுப்பார்கள்.

ஆனால் மூன்றாம் நாள் வேறு மாதிரி. அன்று பாதை குரூஸ்பேக் என்ற ஊரின் வழியாக, ஏழு குன்றுச் சாலை என்று பெயர்பெற்ற மேடுபள்ளமான சாலையில் போகிறது. அந்தப் பாதையை ஒட்டிக் கனடாப் படைவீரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 2,300க்கும் மேற்பட்ட கனடா வீரர்கள் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் பலர் எல்லைக்கு அப்பால் ஜெர்மன் மண்ணில் செத்தவர்கள். எதிரியின் மண்ணில் தம் ஆட்களைப் புதைக்க வேண்டாம் என்று படைத்தலைவர் கிரெரார் உத்தரவிட்டதால் இந்தப் பக்கம் கொண்டுவந்து புதைத்தார்கள். பல குழுக்கள் அங்கே நின்று மரியாதை செலுத்திவிட்டுத்தான் மேலே நடக்கின்றன. மகள் பார்த்த காணொளியில் தொப்பியைக் கையில் பிடித்தபடி வெள்ளைக் கற்களுக்கு நடுவே பிள்ளைகள் நிற்பது போல வந்திருந்தால், அது இந்த இடமாக இருக்கலாம்.

முழுக்க முழுக்க நினைவுக்காகவே நடக்கும் நடை வேண்டுமென்றால் அதே நாட்டில் ஓஸ்டர்பேக் என்ற ஊரில் இருக்கிறது. 1944 செப்டம்பரில் ஆர்ன்ஹெம் பாலத்தைப் பிடிக்கப் பாராசூட்டிலும் கிளைடர் என்ற இயந்திரமில்லா விமானத்திலும் நேசநாட்டுப் படையினர் பத்தாயிரம் பேர் வரை இறங்கினார்கள். ஒன்பது நாள் சண்டைக்குப் பிறகு இரவோடு இரவாக ரைன் ஆற்றைக் கடந்து திரும்பியவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம். மற்றவர்கள் செத்தார்கள், அல்லது சிறைப்பட்டார்கள். அதன் நினைவாக 1947 முதல் செப்டம்பர் மாத முதல் சனிக்கிழமை நடக்கிறார்கள். ஒரே நாள்தான். 10 கிலோமீட்டர் தூரமும் உண்டு என்பதால் குழந்தைகளும் கிழவர்களும் வருகிறார்கள். இன்னொன்று அமெரிக்காவில், நியூ மெக்சிகோ பாலைநிலத்தில். 1942இல் பிலிப்பைன்சின் பட்டான் தீபகற்பத்தில் சரணடைந்த அமெரிக்க, பிலிப்பினோ வீரர்களை ஜப்பானியப் படை தண்ணீர்கூடக் கொடுக்காமல் நடத்திக்கொண்டுபோய், விழுந்தவர்களைக் குத்திப்போட்ட கொடுமைக்கான நினைவு நடை அது. 1989இல் அதைத் தொடங்கியவர்கள் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் படித்த இராணுவப் பயிற்சி மாணவர்கள், நம் கேடட்களைப் போன்றவர்கள்தான். தூரம் ஒரு முழு மாரத்தான், 42 கிலோமீட்டர். கனச்சுமைப் பிரிவில் நடப்பவர்கள் ஏறத்தாழ 16 கிலோவை முதுகில் சுமக்க வேண்டும்.

இனிப் போகும் வழி. நம் என்.சி.சி. பிள்ளைகள் வெளிநாடு போவதற்கான வழக்கமான வாசல் இளையோர் பரிமாற்றத் திட்டம். 'ஒய்.ஈ.பி.' என்று உங்கள் மகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதற்கு ஆள் எடுப்பது டெல்லி குடியரசு தின முகாமுக்குப் போன கேடட்களிலிருந்து. அந்த முகாமுக்குப் போவதுதான் உண்மையான மலையேற்றம். கல்லூரி அணி, பட்டாலியன் முகாம், குரூப்களுக்கு இடையிலான போட்டி, அதற்குப் பிறகு அடுத்தடுத்த தேர்வு முகாம்கள் என்று வடிகட்டி வடிகட்டித் தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் இயக்குநரகத்தின் அணியை எடுப்பார்கள். டிரில், துப்பாக்கி சுடுதல், பொது அறிவு, பேச்சு, ஆடல் பாடல் என்று எல்லாவற்றிலும் பார்ப்பார்கள். என் காலத்தில் நான் தயார் செய்த நூற்றுக்கணக்கான பிள்ளைகளில் டெல்லி வரை போனவர்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். வெளிநாடு போனது ஒரே ஒருத்தி. அப்படிப் போகிறவர்களும் எந்த நாடு, என்ன நிகழ்ச்சி என்பதைத் தாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. அந்த ஆண்டு எந்த நாட்டோடு ஏற்பாடோ அங்கே போவார்கள். 'நைமேகன் நடைக்கு அனுப்புங்கள்' என்று மனு போட முடியாது. இந்த வழியில் தரகருக்கு இடமே இல்லை என்பதை மட்டும் அடித்துச் சொல்வேன். என்.சி.சி. வழியாக அனுப்புவதாகச் சொல்லி ஒருவர் பணம் கேட்டால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். கல்லூரி ஏ.என்.ஓ.விடம் ஒருமுறை கேட்டாலே தெரிந்துவிடும். எழுத்தில் ஒரு கடிதம் பட்டாலியனிலிருந்து வராமல் எந்தக் கேடட்டும் எங்கும் போவதில்லை, மேட்டூர் அணைக்குக்கூட.

இரண்டாவது வழி, தனிமனிதராகப் போவது. நான் சொன்ன மூன்று நடைகளும் பொதுமக்களுக்குத் திறந்தவை. முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். நைமேகனில் இடத்தைவிட ஆள் மிஞ்சினால் குலுக்கல் போடுவார்கள். பதிவுக் கட்டணம் விமான டிக்கெட் விலைக்கு முன்னால் பொருட்டே இல்லை. செலவு முழுவதும் டிக்கெட், தங்குமிடம், விசா, காப்பீடு ஆகியவற்றில்தான். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். நடை நடக்கும் வாரத்தில் அந்த ஊரில் அறை கிடைப்பது கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் அறை கிடைப்பதைப் போன்றது. ஆகவே உங்களிடம் கேட்கப்பட்ட தொகை நியாயமா அநியாயமா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. எது எதற்கு எவ்வளவு என்று தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள், பதிவு எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அதுவே பதில். இன்னொன்றையும் மகளிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். தனியாகப் போனால் அவள் கேடட்டாகப் போகவில்லை, ஒரு சுற்றுலாப் பயணியாகப் போகிறாள். அனுமதி இல்லாமல் அங்கே என்.சி.சி. சீருடையைப் போட்டுக்கொண்டு நடக்கக் கூடாது. அங்கே கிடைக்கும் பதக்கம் என்.சி.சி.யின் உயர்நிலைச் சான்றிதழான 'சி' சர்டிபிகேட்டுக்கு ஈடாகவும் ஆகாது. இதைக் கேட்ட பிறகும் அவளுக்கு ஆசை இருந்தால் அது நல்ல ஆசை.

பெண்பிள்ளையால் முடியுமா என்ற கேள்விக்கு வருகிறேன். முடியும். இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. நம் ஊர்க்கணக்கில் சொல்கிறேன். திருவண்ணாமலை கிரிவலம் ஒரு சுற்று 14 கிலோமீட்டர். ஒரே நாளில் மூன்று சுற்று, அதுபோல நான்கு நாள் தொடர்ந்து என்றால் அதுதான் நைமேகன். கேட்க மலைப்பாக இருக்கும். தைப்பூசத்துக்குத் தருமபுரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் பழனிக்கு நடக்கும் அம்மாக்களைப் பாருங்கள். அவர்கள் எந்த உடற்பயிற்சிக் கூடத்துக்கும் போனதில்லை. நான் பார்த்தவரை நீண்ட நடையில் ஆண்பிள்ளைகள்தான் முதலில் விழுகிறார்கள். முதல் பத்துக் கிலோமீட்டரை ஓட்டப்பந்தயமாக நினைத்துப் பாய்வார்கள். பெண்ணாகரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி தினமும் பஸ் நிற்கும் இடத்துக்கு மூன்று கிலோமீட்டர் நடந்து வந்தவள். எங்கள் 25 கிலோமீட்டர் நடையில் கடைசி வரிசையில் பேசாமல் வந்துகொண்டிருந்தாள். கல்லூரி அளவில் ஓட்டத்தில் பரிசு வாங்கிய பையன் காவேரிப்பட்டணம் தாண்டியதும் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். அவனுடைய ஷூவைக் கழற்றிப் பார்த்தேன். குதிகாலில் ஐந்து ரூபாய் நாணய அளவுக்குத் தோல் சுருண்டு, சாக்ஸோடு ஒட்டிக்கொண்டிருந்தது. முதல் நாள் மாலை வாங்கிய புது ஷூ. அவனுடைய பையையும் அந்தப் பெண்தான் வாங்கி மாட்டிக்கொண்டாள்.

கால்தான் எல்லாம். ஷூவைக் குறைந்தது இருநூறு கிலோமீட்டர் போட்டுப் பழக்காமல் நீண்ட நடைக்குப் போகக் கூடாது. சாக்ஸ் இரண்டு அடுக்கு, உள்ளே மெல்லியது, வெளியே தடித்தது. உராய்வு இரண்டு சாக்ஸுக்கும் இடையில் போய்விடும், தோலில் விழாது. நகத்தை நேராக வெட்ட வேண்டும், ஓரத்தில் வளைத்து வெட்டினால் மூன்றாம் நாள் சதைக்குள் இறங்கும். விரலிடுக்கிலும் தொடையிடுக்கிலும் வாசலின். குதிகாலில் சூடாக உணர்ந்த அந்த நிமிடமே நின்று டேப் ஒட்ட வேண்டும். 'அடுத்த நிறுத்தத்தில் பார்க்கலாம்' என்றால் அடுத்த நிறுத்தத்தில் பார்ப்பது கொப்புளத்தைத்தான். சின்னக் கொப்புளத்தைத் தொடாதீர்கள். பெரிதாகி அழுத்தினால் சுத்தமான ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடித்து, மேல்தோலை உரிக்காமல் கட்டுப்போட வேண்டும். மேல்தோலை உரித்துப்போட்டு மஞ்சள் அப்புகிற வைத்தியத்தை எங்கள் முகாம்களில் பார்த்திருக்கிறேன். அடுத்த நாள் அந்தப் பிள்ளை நடக்கவில்லை.

தண்ணீர் விஷயத்தில் என் தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 'நடக்கும்போது தண்ணீர் குடித்தால் வயிறு கனக்கும், உதட்டை நனைத்தால் போதும்' என்று எனக்கு ஒரு பழைய ஹவில்தார் சொல்லிக்கொடுத்ததை அப்படியே நம்பி, முதல் ஆண்டு பிள்ளைகளையும் அப்படியே நடத்தினேன். ஏப்ரல் மாதம். பதினெட்டாவது கிலோமீட்டரில் ஒரு மாணவி மயங்கி விழுந்தாள். நல்லவேளையாக நிழலும் மோரும் பக்கத்தில் இருந்தன. பிறகுதான் இன்னொன்றும் தெரிந்தது. நான் தடுத்ததால் மட்டும் அவள் குடிக்காமல் இருக்கவில்லை. வழியில் சிறுநீர் கழிக்க இடம் இருக்காது என்று காலையிலிருந்தே குடிக்காமல் வந்திருக்கிறாள். அவள் மட்டுமல்ல, அணியில் பாதிப் பெண்கள் அப்படித்தான் வந்திருந்தார்கள். ஆண் ஆசிரியனான எனக்கு அதைக் கேட்கத் தோன்றவே இல்லை. அதற்குப் பிறகு பாதை குறிக்கும்போது முதலில் குறித்தது கழிப்பறை உள்ள பள்ளிக்கூடங்களையும் பெட்ரோல் பங்குகளையும்தான். உங்கள் மகளிடம் நீங்கள் இதைப் பேசச் சங்கடமாக இருந்தால் அவளுடைய அம்மா பேசட்டும், மாதவிலக்கு நாட்களில் நடப்பதைப் பற்றியும் சேர்த்து. மறுபக்கம், வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து, உடம்பில் உப்பு குறைந்து தலைசுற்றும். இடையிடையே ஓ.ஆர்.எஸ். அல்லது உப்புப் போட்ட மோர்.

நடக்கத் தொடங்குவதற்கு முன் அரசு மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை செய்து ஹீமோகுளோபின் பாருங்கள். நம் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு இரும்புச்சத்துக் குறைவு சாதாரணம், மூச்சு வாங்குவதைச் சோம்பல் என்று நாம் திட்டிக்கொண்டிருப்போம். அது சரியாக இருந்தால் வாரம் மூன்று நாள் 8 கிலோமீட்டரில் தொடங்கலாம். கே.ஆர்.பி. அணைப் பக்கம் விடிகாலை ஐந்து மணிக்கு நடப்பது சுகம். நெடுஞ்சாலை வேண்டாம், லாரிகள். வாரக் கடைசியில் ஒரு நீண்ட நடை, ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டி. நான்கு மாதத்தில் 30ஐத் தொடலாம். அதன்பிறகு முக்கியமானது அடுத்தடுத்த இரண்டு நாள் நடப்பது. முதல் நாள் 30 எல்லோராலும் முடியும். மறுநாள் காலை வீங்கிய காலை ஷூவுக்குள் விடும்போதுதான் ஆள் யாரென்று தெரியும். சாப்பாட்டுக்கு எந்தப் பொடியும் டப்பாவும் வேண்டாம், ராகிக் களியும் கீரையும் முட்டையும் போதும். அந்த நாடு குளிர்நாடுதானே என்ற அலட்சியமும் வேண்டாம். 2006இல் நைமேகனில் கடும் வெயிலில் முதல் நாளே இரண்டு பேர் இறந்து, மீதி மூன்று நாள் நடையையும் ரத்து செய்துவிட்டார்கள். அவர்கள் ஊரின் வெயில் நமக்குப் பெரிதல்ல, உண்மைதான். மழையில் நனைந்த சாக்ஸோடு எட்டு மணி நேரம் நடப்பது நம் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லை. ஆகவே ஐப்பசி மழையிலும் ஒருநாள் நடக்கவிடுங்கள்.

இப்போது தாத்தா.

அவர் கேட்பது நியாயம். ஆனால் 'வெள்ளைக்காரன் சண்டை' என்பதில் பாதிதான் சரி. சண்டை அவனுடையது, செத்ததில் நம்மவர்களும் உண்டு. முதல் உலகப் போரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள். ஏறத்தாழ 74,000 பேர் திரும்பவில்லை. இரண்டாம் போரில் இந்தியப் படையில் 25 லட்சம் பேர் சேர்ந்தார்கள், இறந்தவர்கள் ஏறத்தாழ 87,000. பிரான்சில் நெவ் ஷப்பேல் என்ற இடத்தில், கல்லறைகூட இல்லாமல் போன 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களுக்கு 1927இல் திறந்த நினைவுச்சின்னம் இருக்கிறது. பெல்ஜியத்தில் ஈப்பர் நகரின் மெனின் வாயிலில் தினமும் இரவு எட்டு மணிக்குக் கொம்பூதி மரியாதை செய்கிறார்கள். 1928இல் தொடங்கியது. ஜெர்மானியர் ஊரைப் பிடித்திருந்த ஆண்டுகளில் அங்கே நின்றது தவிர இன்றுவரை தொடர்கிறது. அந்தச் சுவரின் 54,000 சொச்சம் பெயர்களில் நானூறுக்கும் மேற்பட்டவை இந்தியர்களுடையவை.

'அதெல்லாம் பஞ்சாபியும் கூர்க்காவும்' என்று தாத்தா சொல்லலாம். ஐரோப்பாவைப் பொறுத்தவரை பெரும்பாலும் சரி. ஆனால் நம்மிடமிருந்து ஒரு பகல் தூரத்தில், பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற இராணுவப் பொறியாளர் படையை நினைத்துப் பாருங்கள். இராணுவம் முழுக்க அவர்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடும். அந்தப் படையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞ்ஞானோ அருகே, கண்ணிவெடி தேடும்போது ஒன்று வெடிக்கப் போவது தெரிந்ததும் அதன்மேல் தானே விழுந்து உடனிருந்தவர்களைக் காப்பாற்றிச் செத்தார். இறந்த பிறகு ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் அரசின் உயரிய வீர விருதைக் கொடுத்தார்கள். அவர் தமிழர். இத்தாலியில் அவருக்காக ஒருத்தி நடந்தால் அது யாருடைய சண்டைக்கான நடை?

இன்னும் கசப்பான ஒன்றைச் சொல்கிறேன். மெட்ராஸ் சாப்பர்ஸ் மெசபடோமியாவிலும் பணியாற்றினார்கள், இன்றைய ஈராக்கில். அங்கே இறந்து கல்லறை கிடைக்காத 40,000க்கும் மேற்பட்டவர்களுக்காகப் பாஸ்ராவில் ஒரு நினைவுச்சின்னம் கட்டினார்கள். பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டினார்கள். இந்திய அதிகாரிகளின் பெயர்களையும் வெட்டினார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு மட்டும் பெயர் இல்லை. இன்ன ரெஜிமெண்ட், இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும். போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் ஆணையமே 2021இல் வெளியிட்ட அறிக்கையில் இப்படிப்பட்ட பாகுபாடுகளை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

நான் தமிழாசிரியன் என்பதால் இந்த இடத்தில் நம் மண்ணைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் நடுகல்லுக்குப் பேர்போனவை. தருமபுரியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிற்கின்றன. ஆயிரத்து இருநூறு, ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் மாடு கவர வந்தவர்களை எதிர்த்துச் செத்த ஒரு காவல்காரனுக்கு, இந்த மன்னனின் இத்தனையாவது ஆண்டில், இன்னாருடைய சேவகன் இன்னான், தொறு மீட்டுப் பட்டான் என்று வட்டெழுத்தில் வெட்டிவைத்திருக்கிறார்கள். தொறு என்றால் மாட்டு மந்தை. வில்லும் வாளும் பிடித்த உருவம், காலடியில் சில சமயம் மாடு. அவன் அரசன் இல்லை, தளபதி இல்லை. ஆனாலும் அவனுக்குப் பெயர் இருக்கிறது. பாஸ்ராவில் ஒரு பேரரசு தன் சிப்பாய்க்குச் செய்யாததை, இங்கே மாடு மேய்த்த ஊர் தன் ஆளுக்குச் செய்திருக்கிறது. நம் பக்கத்தில் வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடும் பல கோயில்களில் உள்ளே இருப்பது இப்படியொரு கல்தான். அவளுடைய தாத்தாவும் கும்பிட்டிருப்பார். செத்தவன் யாரென்று தெரியாமலேயே அவனுக்காகக் கூடி நிற்பது நமக்கு ஒன்றும் புதிய பழக்கமில்லை.

ஆகவே மகளிடம் நான் சொல்வது இதுதான். எங்கே நடந்தாலும் ஒரு பெயரைத் தெரிந்துகொண்டு நட. நான் சொன்ன போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயர், படைப்பிரிவு, இறந்த நாள் எல்லாம் தேடலாம், செலவில்லை. பெயர் தெரிந்தவனுக்காக நடக்கும் பிள்ளை நான்காம் நாள் நிற்காது. இதற்கு ஆராய்ச்சி ஆதாரமெல்லாம் என்னிடம் கிடையாது, பத்தொன்பது ஆண்டுப் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்கிறேன். எங்கள் கல்லூரி நடையில் ஒருமுறை ஒவ்வொரு கேடட்டுக்கும் ஒரு பெயர் எழுதிய சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அந்த ஆண்டு யாரும் வண்டியில் ஏறவில்லை. தற்செயலாகவும் இருக்கலாம்.

ஐரோப்பாவை விடப் பக்கத்தில், தாத்தாவுக்கும் மறுப்பு இருக்காத இடம் ஒன்று உண்டு. தாய்லாந்தில் காஞ்சனபுரி. ஜப்பானியர் 1942, 43இல் சயாம், பர்மா இடையே 415 கிலோமீட்டர் இரயில் பாதையை அடித்து உதைத்துப் போடவைத்தார்கள். போர்க்கைதிகளில் 12,000க்கும் மேல் செத்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 7,000 பேருக்குக் காஞ்சனபுரியில் பூச்செடி வைத்த கல்லறைகள் இருக்கின்றன. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து பிடித்துப்போன தமிழர்கள் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர்கள் அவர்களைப் போலப் பல மடங்கு செத்தார்கள். எண்ணிக்கை ஆய்வாளருக்கு ஆய்வாளர் மாறுகிறது. அந்தக் கல்லறை வரிசையில் அவர்களுக்கு ஓர் இடமும் இல்லை. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அடங்கிய பழைய சேலம் மாவட்டத்திலிருந்து மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் போனது உறுதி. உங்கள் குடும்பத்தில் யாரேனும் போனார்களா என்று தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள், இருக்கலாம். 2023இல் காஞ்சனபுரியில் ஒரு புத்தக் கோயில் வளாகத்தில் அந்தத் தமிழர்களுக்கு ஒரு கல் நட்டார்கள். அதற்கு வைத்த பெயரும் நடுகல்தான். அந்தப் பாதையில் பாறையைக் குடைந்த ஹெல்ஃபயர் கணவாயில் தங்கள் போர் நினைவு நாளான ஏப்ரல் 25 விடியற்காலையில் ஆஸ்திரேலியர்கள் கூடி மரியாதை செலுத்துகிறார்கள், பழைய தண்டவாளத் தடத்தில் நடக்கவும் பாதை போட்டிருக்கிறார்கள். செலவும் ஐரோப்பாவை விட மிகக் குறைவு.

அதுவும் இப்போதைக்கு வேண்டாம் என்றால், நாகாலாந்தில் கோஹிமா இருக்கிறது, விசாவும் வேண்டாம். 1944இல் ஜப்பானியரோடு நடந்த சண்டையில் அங்கே இறந்து எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 917 பேரின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. இன்னும் பக்கத்தில் சென்னை நந்தம்பாக்கத்தில் போர்க் கல்லறைத் தோட்டம். காலையில் கிளம்பினால் அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிடலாம். முதலில் அங்கே ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வரட்டும். வந்த பிறகும் நெதர்லாந்து என்றால், டெல்லி முகாமுக்கு முயலட்டும், பக்கத்திலேயே பணத்தையும் சேர்த்துக்கொண்டிருங்கள்.

எதுவானாலும் ஷூ முதலில் வேண்டும். கடைக்கு மாலையில் போங்கள், பகல் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், அந்த அளவுதான் சரியான அளவு. அவள் போடப்போகும் இரண்டு சாக்ஸையும் கையோடு எடுத்துப்போகச் சொல்லுங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். கடைக்காரர் 'போடப் போட இளகிவிடும்' என்று சொன்னால் வாங்க வேண்டாம்.